வடத்துக்கு இந்தப் பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் என்னால்தான் நின்றது என்று ஒரு மத்தியானம் முழுவதும் நான் நம்பினேன். அத்தனை பெரிய தேர், எத்தனையோ ஊர்க்காரர்கள் சேர்ந்து இழுக்கிற தேர், ராஜபாளையத்தில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்த ஒரு கம்பவுண்டரைக் கண்டு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டுமானால், அந்தக் கம்பவுண்டருக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு பெரிய அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும். இப்போது வயது நாற்பத்தைந்து தாண்டி, தலையில் முடியும் அபிப்பிராயமும் குறைந்துவிட்டன. ஆகையால் சொல்லலாம்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எங்கள் சபைக் குருவானவர் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார். நாசரேத்துப் பக்கம். பெண்ணின் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணை நான் போய்ப் பார்ப்பதற்கு முன்னால், என்னை அவர் வந்து பார்க்க வேண்டும் என்றார். ஆடி மாதத்தில் ஒருநாள் ரயிலில் வந்து இறங்கினார். மூன்று நாள் குருவானவர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

"பெரியவருக்கு ஊரைச் சுத்திக் காட்டு. கூட நடந்து பேசினாத்தான் ஒரு மனுஷனத் தெரியும்" என்றார் குருவானவர்.

ஆபத்தே அங்கேதான் இருந்தது.

முதல் நாள் சஞ்சீவி மலையையும் அய்யனார் அருவியையும் காட்டினேன். பெரியவரிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. மலையைப் பார்த்து உயரம் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு எண்ணைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். அருவியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றார். மேலேயிருந்து என்றேன். அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஈரப் பாறையில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பாறையைக் கடந்த பிறகும் நாலு அடி தூரம் அந்தக் கையை விடவில்லை. அந்த நாலு அடியில் நான் மனதுக்குள் கல்யாணமே முடித்துவிட்டேன்.

இரண்டாம் நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கோபுரத்தை வெளியே நின்று பார்த்தார். பதினொரு நிலை என்றேன். நிலைகளை விரலால் எண்ணினார். பதினொன்று. நான் சொன்ன எண்ணில் நம்பிக்கையில்லாமல் கீழேயிருந்து மறுபடியும் எண்ணினார். அப்போதும் பதினொன்றுதான் வந்தது. என் பக்கம் திரும்பி முதல் தடவையாகச் சிரித்தார். நாயக்கர் மஹாலுக்குப் போனோம். அங்கே கோர்ட் நடந்துகொண்டிருந்தது. அத்தனை கனமான தூண்களுக்கு நடுவில் யாரோ இருவர் வரப்புத் தகராறுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார். கைகள் எட்டவில்லை. என்னையும் மறுபக்கம் வந்து பிடிக்கச் சொன்னார். மாமனாராக வரப் போகிறவரும் நானும் ஒரு தூணைச் சுற்றிக் கைகோத்து நின்றதை டவாலிச் சேவகன் பார்த்து விரட்டினான்.

அன்று தேரோட்டம். "தேரைப் பார்க்கலாமா, ஐயா?" என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"பார்க்கலாம். எத்தனை சக்கரம்னு தெரிஞ்சுக்கணும்" என்றார்.

என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவனுக்கு அங்கே பாத்திரக்கடை. ரதவீதிகள் இரண்டு சேருகிற முக்கில் வீடு. கீழே கடை, மேலே மாடி. பரம்பரையாக ஆண்டாள் கோயிலுக்குச் செய்கிற வைஷ்ணவக் குடும்பம். "ஏலே, தேர் பாக்கணும்னா எங்க மாடிதான். வேற எங்கயும் நின்னு மிதிபடாத" என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முந்தின நாளே அவனுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். அழைத்துப் போனேன். மாடியில் ஜன்னலோரம் பெரியவருக்கு ஒரு நாற்காலி போட்டான். சிநேகிதனுடைய அத்தைதான் அந்த வீட்டில் சர்வாதிகாரி. நெற்றியில் சிவப்புக் கோடு, இடுப்பில் சாவிக்கொத்து. நீர்மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பெரியவரைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "திருநெல்வேலிப் பக்கம் அத்தை. ஐயாவுக்குப் பெருமாள்னா உசுரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சிநேகிதன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பெரியவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அத்தை "அப்படியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானத்துக்கு முன்னால் தேர் வந்தது. வந்தது என்றால் நம் தெருவில் வண்டி வருவதைப்போல அல்ல. தெருக்கோடியில் ஒரு கோபுரம் அசைவது தெரியும். செத்த நேரம் அசையும். பிறகு அரைமணி நேரம் அசையாது. கொட்டு முழங்கும். தேர்த்தட்டில் நிற்கிற ஒருவர் துண்டை வீசுவார். "கோவிந்தா" என்று தெரு முழுக்க ஒரே குரல். மறுபடியும் ஓர் அசைவு. பெரியவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. சக்கரத்தை எண்ணினார். முட்டுக்கட்டை போடுகிறவர்களை எண்ணினார். வடம் தொடை கனம் இருக்கும் என்று எழுதிக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தேர் எங்கள் முக்குக்கு வந்து, திரும்புவதற்காகப் பாதி சாய்ந்தமாதிரி ஆகி, அப்படியே நின்றது.

கீழே எட்டிப் பார்த்தேன். தேரின் அடிப்பாகம் வீட்டின் வலப்பக்கத்தை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. திருப்பத்துக்காக அடுத்த தெருவுக்குள் இழுத்துப் போயிருந்த வடம், இடப்பக்கச் சுவரை உரசிக்கொண்டு, சரியாக எங்கள் வாசற்படியின் மேல் குறுக்கே கிடந்தது. பின்பக்கம் கிணறு, பசுமாடு, பக்கத்து வீட்டுக்காரனுடைய உயரமான சுவர். வெளியே போக வேண்டுமானால் அந்த வடத்தைத் தாண்ட வேண்டும். கால் தூக்கி வைத்தால் தாண்டிவிடலாம். குழந்தைகூடத் தாண்டிவிடும்.

ஆனால் அந்தத் தெருவில் யாரும் தேர் வடத்தைக் காலால் தாண்டமாட்டார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள், போக வழியில்லாவிட்டால் நிற்பார்கள். கறிகாய் வாங்கப் போக வேண்டிய அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வாசல்வரை போனாள், வடத்தைப் பார்த்தாள், கும்பிட்டாள், திரும்பி வந்து கூடையை ஆணியில் மாட்டினாள். "இருக்கத வச்சுப் பொங்கிக்கிடுவோம்" என்றாள். அவ்வளவுதான்.

"எம்புட்டு நேரம்லே ஆகும்?" என்று சிநேகிதனைக் கேட்டேன்.

"அது அவ இஷ்டம்" என்று தேரைக் காட்டினான்.

பெரியவருக்கு மறுநாள் மத்தியானம்தான் ரயில். அன்று சாயங்காலம் குருவானவர் வீட்டில் ஜெபக்கூட்டம், அது முடிந்ததும் பெரியவர் தம் முடிவைச் சொல்வதாக இருந்தது. கூட்டத்துக்குப் போகாவிட்டால் முடிவு எப்படி வரும்? இந்தக் கவலையோடு ஜன்னலில் நின்றேன். அப்போதுதான் கீழே இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வடம் பிடிக்க வந்தவர்கள் போலிருந்தது.

"என்னடே, இம்புட்டு இழுத்தும் அசையலியே."

"எதாச்சும் கொற இருக்கும். ஆகாத ஆளு எவனாச்சும் கிட்டத்துல நிப்பான்."

"நீதாம்ல ஆகாத ஆளு. ஒழுங்கா இழுத்தியா? கயித்துல சாஞ்சுல்லா நின்ன."

அந்த இரண்டாவது ஆள் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகாத ஆள். தேரிலிருந்து பத்தடி தூரத்தில், பெருமாள் என்றால் உயிர் என்று பொய் சொல்லிவிட்டு, ஞானஸ்நானம் பெற்றவர்கள் இரண்டு பேர் மாடியில் உட்கார்ந்திருக்கிறோம். அதில் ஒருவருடைய ஜிப்பாப் பையில் புதிய ஏற்பாடு வேறு இருக்கிறது.

என் பயத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது படிப்படியாகத்தான் வளரும். முதலில், தேர் எங்களால் நின்றிருக்கலாம் என்று தோன்றியது. கால்மணி நேரத்தில், எங்களால்தான் நின்றது என்று நிச்சயமாயிற்று. அரைமணி நேரத்தில், இது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது, பார்க்காததுபோலப் பார்க்கிறார்கள் என்று ஆயிற்று. தேர்த்தட்டில் துண்டு வீசுகிறவர் எங்கள் ஜன்னலைப் பார்த்தேதான் வீசுகிறார் என்றுகூடப் பட்டது. பெரியவரிடம் குனிந்து, "ஐயா, செத்த உள்ளே தள்ளி உட்காருங்களேன்" என்றேன்.

"ஏன்?"

"வெயில்."

"வெயில் அந்தப் பக்கம்லா அடிக்கு" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் புத்தகத்தையாவது என்கிட்டக் குடுங்க. பையிலருந்து விழுந்திரும்."

அவர் ஜிப்பாப் பையைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விழாது தம்பி" என்றார்.

ஒவ்வொரு தடவை கொட்டு முழங்கி இழுக்கும்போதும் வாசற்படியில் கிடந்த வடம் விறைத்துக்கொண்டு மேலே எழுவதைக் கவனித்தேன். இரண்டு முழ உயரம் எழும். இழுப்பு ஓய்ந்ததும் தொப்பென்று விழும். உடனே எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அந்தக் காலத்தில் எனக்கு யோசனைகள் சுகப்பிரசவமாகப் பிறக்கும். வடத்தைத் தாண்டத்தானே கூடாது? அடியில் புகுந்து போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வெளியே போய்விட்டால் தேர் ஒருவேளை நகரும். நகராவிட்டாலும் பரவாயில்லை, நான் வெளியே இருப்பேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் கவனிக்கவில்லை.

பெரியவரிடம், "கீழே போய் ஜட்கா ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கண்ணாடி உடையாமல் இருக்கக் கழற்றிப் பையில் போட்டேன். செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினேன். வாசற்படியில், தலை தெருப் பக்கம், கால் வீட்டுப் பக்கமாக, குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். மூக்குக்கு நேரே வடம். எண்ணெய், மண், ஆயிரம் பேருடைய வேர்வை எல்லாம் கலந்த வாசனை. கொட்டு முழங்கியது. வடம் எழுந்தது. ஊர்ந்தேன். தலை போயிற்று, தோள் போயிற்று, மார்பு போயிற்று. இடுப்பு போகும்போது இழுப்பு ஓய்ந்துவிட்டது.

தொப்பென்று என் முதுகின் மேல் விழுந்தது. வலிக்கவில்லை. ஆனால் அசைய முடியவில்லை. பாதி ஆள் தெருவில், பாதி ஆள் வீட்டில்.

"எடுங்க, எடுங்க" என்று கத்தினேன்.

முதலில் ஒருத்தி பார்த்தாள். "ஏட்டி, இங்க பாரு, இந்த மனுசன் வடத்த முதுகுல வாங்குதாரு" என்றாள்.

"என்ன வேண்டுதலோ" என்றாள் இன்னொருத்தி.

"வேண்டுதல் இல்லம்மா, எடுங்க."

"அழுதுல்லா வேண்டுதாரு, பாவம்."

நாலு பேர் கூடினார்கள். நாலு நாற்பதாயிற்று. யாரோ என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ கழுத்தில் ஒரு துளசி மாலையைப் போட்டார்கள். ஒரு கிழவர் குனிந்து, தரையில் படாமல் இருந்த அரை அங்குல நெற்றியில் திருமண் இட்டார். நான் "எடுங்க" என்று கத்தக் கத்த, அவர்கள் "கோவிந்தா" என்று அதைவிட உரக்கக் கத்தினார்கள். என் கக்கத்திலிருந்த செருப்பை மட்டும் ஒருவர் மரியாதையாக உருவி ஓரமாக வைத்தார்.

கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தேன். கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது. ஜன்னலில் பெரியவர். நோட்டுப் புத்தகம் மூடியிருந்தது.

மறுபடி கொட்டு முழங்கி வடம் எழுந்தபோது எனக்கு இரண்டு வழி இருந்தது. முன்னால் ஓர் உந்து உந்தினால் தெரு, விடுதலை, ஜட்கா ஸ்டாண்டு. நான் பின்னால் ஊர்ந்து மறுபடியும் வீட்டுக்குள்ளேயே போய்விட்டேன். அவசரத்தில் திசை தெரியவில்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டு நின்ற தெருவைவிட வீடு மேல் என்று என் கால்கள் தீர்மானித்துவிட்டன.

மாலையும் திருமண்ணுமாக மாடி ஏறினேன். பெரியவருக்கு இலை போட்டிருந்தார்கள். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒனக்கும் சோறு அந்தச் சின்னப் பானையில இருக்கு தம்பி. படைக்காம எடுத்து வச்சிருக்கேன். வேதக்காரங்க சாமிக்குப் படைச்சதச் சாப்பிடமாட்டியளே" என்றாள்.

நான் சிநேகிதனைப் பார்த்தேன்.

"நேத்தே சொல்லிட்டேன்லே, வேதக்காரங்க ரெண்டு பேரு வாராங்கன்னு. நீ எதுக்கு அந்தப் புளுகு புளுகின?" என்றான்.

"அப்பம் தேரு?"

"தேருக்கென்ன?"

"எங்களாலதான் நிக்குதோன்னு…"

அவன் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் புரையேறிவிட்டது. அத்தை அவன் தலையைத் தட்டினாள். புரை அடங்கியதும் அவன், "வருசா வருசம் இந்த முக்குல ஒரு நா நிக்கத்தாம்லே செய்யும். போன வருசம் ரெண்டு நா. எங்க சித்தப்பா தலையாடி விருந்தன்னிக்கு மாப்பிள்ளையே உள்ள கெடந்தாரு" என்றான்.

"அது தெரிஞ்சுமா எங்களக் கூப்பிட்ட?"

"தேர் பாக்கத்தான கூப்பிட்டேன். ஓடுத தேர எப்பிடிலே நல்லாப் பாப்ப?"

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று இரவு அங்கேயே தங்கினோம். அவர் அத்தையிடம் ஆண்டாள் கோயிலைப்பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை நாசரேத்தில் மழை எப்படி என்று கேட்டாள். இரண்டு பேரும் பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பதைப்பற்றிப் பேசினார்கள். பெரியவர் என்னிடம் மட்டும் தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை. நான் மூன்று வேடிக்கைக் கதை சொல்லிப் பார்த்தேன். மூன்றுக்கும் பசுமாடுதான் குரல் கொடுத்தது.

காலையில் சக்கரத்தைச் சுற்றித் தோண்டிப் பார்த்தார்கள். வாய்க்காலை மூடியிருந்த ஒரு கல் பாரம் தாங்காமல் உடைந்து, சக்கரம் அதற்குள் இறங்கியிருந்தது. அதுதான் விஷயம். நெம்புகோல் போட்டார்கள், பலகை செருகினார்கள், சோழபுரத்திலிருந்து இன்னும் ஒரு கூட்டம் வந்து வடத்தைப் பிடித்தது. பத்து மணிவாக்கில் தேர் திரும்பியது. வடம் எங்கள் வாசற்படியைவிட்டு நகர்ந்து போனதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. பெரியவர் அத்தையிடம் சொல்லிக்கொண்டு முதல் ஆளாகப் படி இறங்கினார்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"ஐயா, நேத்து வாசல்ல நான் படுத்துக் கெடந்தது… அது கும்பிட்டது இல்ல."

"தெரியும். கும்பிடுறவன் செருப்பக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கும்பிடமாட்டான்."

எனக்கு உயிர் வந்தது. "அதைத்தான் ஐயா எங்க தப்பா எடுத்துக்கிட்டீங்களோன்னு…"

"திருமண், மாலை, அதெல்லாம் நான் ஒண்ணும் நினைக்கல தம்பி. நீங்க பயந்தீங்க. பயப்படுறது தப்பில்ல. என்னைப் பெருமாள் பக்தன்னு சொன்னீங்க. அதுவும் போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"அங்க ஆபத்துன்னு நீங்க நம்புனீங்க. என்னை அந்த மாடியில உக்கார வச்சிட்டுத்தான் கீழ எறங்குனீங்க. வெளிய போய்ச் சேர்ந்திருந்தா, திரும்ப வந்திருப்பீங்களா?"

உடனே "வந்திருப்பேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மைல்கல் வந்தது, போனது. ஒரு தென்னந்தோப்பு வந்தது, போனது. அவர் காத்திருந்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேரின் சக்கரங்களைப்பற்றி எழுதியிருந்த பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் நேராக ரயில் ஸ்டேஷனுக்குப் போனார். நான் குருவானவர் வீட்டுக்கு ஓடி அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். கைகுலுக்கினார். பத்து நாள் கழித்துக் குருவானவருக்கு ஒரு கடிதம் வந்தது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று. அடுத்த ஜனவரியில் அந்தப் பெண்ணுக்கு நாசரேத்திலேயே ஒரு வாத்தியாருடன் கல்யாணம் நடந்தது.